வளைந்த கதிரைகள்

பெரிய வெள்ளிக்கு முன்னால், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்டோவ்னரில் ஒரு மண்டபம் எடுத்துத் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். அங்கே கதிரை அடுக்க வரும் அந்த வழுக்கைத் தலை மனிதரைக் கண்டாலே எனக்குப் பிரஷர் ஏறும். நேராக அடுக்கச் சொன்னால் அரைவட்டமாக அடுக்குவார். பிறகு நடுவில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்து, கோடியில் உள்ள கடைசிக் கதிரையில் என்னை இருத்தி, "சத்தம் கேக்குதோ?" என்பார்.

"அண்ணை, மைக் இருக்கு. நேராப் போடுங்கோ, சனம் வரப்போகுது."

"கிரேக்கர் மலைச்சரிவிலை வளைவா இருந்து பாத்தவை. நடுவிலை வட்டக் களம். அதிலை சாமிக்குப் பாடி ஆடினதிலை இருந்துதான் அவையின்ரை நாடகமே வந்தது."

"இஞ்சை மலையும் இல்லை, கிரேக்கரும் இல்லை!"

"நேராப் போட்டால் முன்னுக்கு இருக்கிறவன்ரை பிடரிதான் தெரியும். வளைச்சால் ஆளையாள் பாக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

என் தம்பியும் நானும் கதைத்துப் பல வருடம். பூசைக்கு வந்தாலும் அவன் வலக்கோடி, நான் இடக்கோடி. நாடகத்தன்றும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் அரைவட்டத்தின் இரண்டு கோடிகளும் நேருக்கு நேர் அல்லவா! சிலுவையடியில் தாய் அழுதபோது, எதிரே அவனும் அழுதான். என் கன்னம் நனைந்திருந்ததையும் பார்த்துவிட்டான். நேராக அடுக்கியிருந்தால் இந்தக் கண்றாவியே இல்லை.

எங்கள் சண்டை தெரிந்துதான் கதிரையை அப்படி அடுக்கினாரா என்று அவரிடமே கேட்கப் போனேன். மனிதர் என்னை வாய் திறக்கவே விடவில்லை.

"கடைசிக் கதிரைக்கு வடிவாக் கேட்டதோ?" என்றார்.