தாழ்ப்பாள் கேட்டதற்கு ஒரு மன்னிப்பு

என் பெரியம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி டீச்சர் என்று பெயர். வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு ஒட்டிப் போடுவார். இரண்டு பேர் அதில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச வேண்டும். தலையாட்டக் கூடாது, கை காட்டக் கூடாது, "அதான் டீச்சர், அது..." என்று இழுக்கக் கூடாது. எதுவானாலும் வாயால் முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் டீச்சருக்குப் படித்தவர் இல்லை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் குறை கேட்கும் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தார். "பாதிப் பேர் கத்துவாங்க, மீதிப் பேர் அழுவாங்க. என்ன ரிப்பேர்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க" என்பார். அந்தப் பிரிவை மூடிய பிறகு எங்கள் பள்ளியில் சேர்ந்தார். வாழ்க்கைத் திறன் வகுப்பு. வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு சார் பிடுங்கிக்கொள்வார். வருஷா வருஷம் பள்ளி நிர்வாகமாகப் பார்த்துப் புதுப்பித்தால்தான் வேலை.

பெரியப்பா போனபிறகு அவர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். துணி காயப்போடும் அறையில் அவர் கட்டில். அப்பா கெட்டவர் இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்காது. "உங்க அக்கா ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பேசச் சொல்லித் தர்றாங்க. நம்ம வீட்டுல பேச்சை நிறுத்தச் சொல்லித் தர யாராவது டீச்சர் இருந்தா விசாரி" என்று அம்மாவிடம் சொல்வார். பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பார். சம்பளம் வருகிறவரை அந்தப் பேச்சுக்குச் சிரிக்கலாம். அது நின்றுவிட்டால் அதே பேச்சு வேறு மாதிரி கேட்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குறை சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். என்ன நடக்கிறது, அதனால் எனக்கு என்ன ஆகிறது, என்ன செய்தால் சரியாகும். அவ்வளவுதான். திட்டக் கூடாது. மன்னிப்புக்கும் முறை உண்டு. நான் செய்த தப்பு இது என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத மன்னிப்பு வெறும் சத்தம் என்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளைக் குருவி என்று கூப்பிடுவோம். குரல் அவ்வளவு சின்னது. முதல் தடவை முதுகோடு முதுகு உட்கார்ந்தபோது எனக்கே கேட்கவில்லை. "குருவி, நீ பேச ஆரம்பிச்சிட்டியா, இன்னும் இல்லையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. பெரியம்மா அவளை விடவில்லை. வாரா வாரம் நாற்காலிக்கு இழுத்து வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குருவியின் குரல் கடைசி பெஞ்சுவரை வந்து சேர்ந்தது.

பள்ளியை நடத்தும் குழுவினர் ஒருநாள் பார்வையிட வந்தார்கள். தலைமையாசிரியை அவர்களை எங்கள் வகுப்புக்குத்தான் கூட்டி வந்தார். "எங்க பசங்க தைரியமாப் பேசுவாங்க சார்" என்றார். "எங்கே, யாராவது பேசுங்க பார்ப்போம்" என்றார் குழுத் தலைவர். குருவி எழுந்தாள்.

"சார், பொண்ணுங்க டாய்லெட் கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். அதனால நாங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல, தலை வலிக்குது. ஒரு தாழ்ப்பாள் போட்டா சரியாயிடும். நன்றி சார்."

ஒரு சொல் பிசகவில்லை. பெரியம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதுவரை பார்த்ததில்லை. தலைமையாசிரியை பக்கம் திரும்பியதும் அது அணைந்தது.

மறுநாளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கூடவே தலைமையாசிரியையிடமிருந்து ஓர் உத்தரவும் வந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் குருவி மன்னிப்பு கேட்க வேண்டும். அவளைத் தயார்செய்வது பெரியம்மாவின் பொறுப்பு.

அன்று மாலை சமையலறையில் பெரியம்மா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பேசக் கத்துக்கொடுத்தது நீங்கதானே, மன்னிப்பு கேக்கவும் கத்துக்கொடுங்கன்னாங்க. அது முடியட்டும், அடுத்த வருஷ வேலையைப் பத்திப் பேசலாம்னாங்க."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொல்லிட்டு?"

முன்னறையில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்திருந்தார். அன்று அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் குருவிக்குத் துணையாக நானும் போனேன். காலி வகுப்பறையில் நாற்காலிகள் வழக்கம்போலத்தான் கிடந்தன. அன்று பின் நாற்காலியில் பெரியம்மாவே உட்கார்ந்தார். குருவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"டீச்சர், நான் செஞ்ச தப்பை முதல்ல சொல்லணும்ல? என்னன்னு சொல்றது?"

பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"தாழ்ப்பாள் கேட்டது தப்பா டீச்சர்?"

"இல்லம்மா."

"அப்புறம்?"

"பெரியவங்க வந்திருந்தப்போ அனுமதி இல்லாமப் பேசிட்டேன்னு சொல்லு."

"அவங்கதானே பேசச் சொன்னாங்க?"

"தெரியும்மா. இருந்தாலும் அப்படியே சொல்லிடு."

குருவி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்து, "சரி டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை அவள் தெளிவாகச் சொன்னாள். மொத்தப் பள்ளிக்கும் கேட்டது. தலைமையாசிரியை முதலில் கை தட்டினார். அந்த மாதமே பெரியம்மாவின் வேலையைப் புதுப்பித்துவிட்டார்கள்.

வகுப்பு அப்படியேதான் நடந்தது. ஆனால் குறை சொல்லச் சொன்னால் ஒருவன் வெயிலைப் பற்றிச் சொன்னான். இன்னொருத்தி தன் தம்பியின் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் முறைப்படிதான், மூன்று பகுதியாக. குருவியின் முறை வந்தது.

"எனக்கு ஒரு குறையும் இல்ல டீச்சர்."

"யோசிச்சுப் பாரும்மா."

"யோசிச்சுட்டேன் டீச்சர். இல்ல."

பெரியம்மா நாற்காலிகளை ஒருமுறை நேராக்கினார். பிறகு, "அடுத்த ஜோடி வாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவர் எடுக்கவில்லை. இப்போது இன்டர்வியூவில் எப்படி உட்காருவது, நம்மைப் பற்றி நாமே எப்படி உயர்வாகச் சொல்வது என்று நடத்துகிறாராம். யார் பார்வையிட வந்தாலும் அந்த வகுப்பைத்தான் காட்டுகிறார்களாம். வீட்டில் அப்பா மறுபடி கிண்டல் செய்கிறார். பெரியம்மா சிரிக்கிறார்.

நான் பள்ளியை முடித்துவிட்டேன். போன வாரம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார், "குருவி எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. யார்கிட்டயும் அவ்வளவா பேசறதில்ல."

"முன்னாடியும் பேச மாட்டாளே."

"முன்னாடி பேசத் தெரியாது, பெரியம்மா."

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.