பேனர் துணித் தூளி

கலைஞர்கள் எதையும் வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பப் பயன்படுத்தும் துணியைத் துவைப்பது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அது அம்மா. அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் சினிமா பேனர் வரையும் கம்பெனி ஒன்று இருந்தது. தியேட்டரில் படம் மாறியதும் பழைய பேனர் துணி கம்பெனிக்கே திரும்பி வரும். கொல்லைத் தொட்டியில் காஸ்டிக் சோடா கரைத்து அதை ஊறப்போட்டு, கல்லில் அடித்து, நாரால் தேய்த்துப் பெயிண்டை எடுப்பது அம்மாவின் வேலை. காய்ந்ததும் அதே துணியில் அடுத்த படம் ஏறும். தொட்டித் தண்ணீர் ஓடிய வழியில் ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் விரல்கள் எப்போதும் வெந்துபோயிருக்கும். ஆனாலும் அவளுக்கு ஒரு பெருமை.

"நான் தொவைச்சா ஹீரோ மூக்குகூட துணியில நிக்காது" என்பாள்.

இனிமேல் வரையத் தாங்காது என்று ஆன துணியை முதலாளி வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவார். அவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்குக் கூரைமேல் போட அதைவிடக் கெட்டியான துணி கிடையாது. தம்பி பிறந்த வருஷம் அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. அடித்து அடித்து மெத்தென்று ஆகியிருந்த அதைக் கூரையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் மறுபடியும் துவைத்துத் தம்பிக்குத் தூளி கட்டினாள்.

பல் முளைக்கும் நேரத்தில் அவன் தூளியின் ஓரத்தைச் சப்பிக்கொண்டே தூங்குவான். அழாத பிள்ளை என்று தெருவே மெச்சியது. பிறகு பால் குடிக்க மறுத்தான், குடித்ததையும் கக்கினான், வெளுத்துப்போனான். வலிப்பு வந்த அன்று அப்பா துறைமுகத்து வேலையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார்.

"கண்டதை வாயில வைச்சானா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"தாய்ப்பாலு மட்டுந்தாங்க. வேற ஒண்ணியும் குடுக்கல" என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை.

ஊசி போட்டு அனுப்பினார்கள். தேறிவிடுவான் என்று நம்பி, அம்மா அவனைத் திரும்பவும் அதே தூளியில் போட்டாள். அடுத்த வலிப்புக்கு அவன் ஆஸ்பத்திரிவரைகூடத் தாங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பியதும் நைனா துக்கம் கேட்க வந்தார். தூளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி சப்பிய ஓரத்தில் நூலோடு ஊறிப்போயிருந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது, இதுலயா புள்ளயப் போட்டுகினு இருந்தே? கூரைக்குத்தானே குடுத்தேன்! அந்த வெள்ளை பெயிண்டுல ஈயம் கீது. வவுத்துல போனா ஆளையே சாய்ச்சிடும். கை கழுவாம சோறு துன்னாதீங்கன்னு வரையற பசங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிக்கிறேனே!"

வரைகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். துவைக்கிறவளிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

அம்மா அவரைத் திட்டவில்லை. "நான் இன்னும் ரெண்டு தபா தேச்சிருந்தா போயிருக்குமா நைனா?" என்று கேட்டாள்.

பாவி மனுஷன், உன்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எந்தத் துணியும் கிழியாமல் இருந்ததில்லை. நூல் பிரியும்வரை அம்மா தேய்த்துக்கொண்டே இருப்பாள்.