ரூபினா எடுத்த வாடகைக் கார்

எங்கள் தீவின் விமான நிலையத்துக்கு வெளியே, வேலி போட்ட ஒரு மைதானத்தில் வாடகைக் கார்களைக் கழுவி நிறுத்துவார்கள். மூன்று கம்பெனிக் கார்களுக்கும் ஒரே மைதானம், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே ரூபினா. பத்தொன்பது வருடமாக அவர் கழுவித் துடைத்த கார்களின் சாவியைத்தான் நான் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். என் பெயர் பனாகிஸ். இந்த வேலை எனக்குப் பிடிக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் சிவந்த மூக்கோடு வந்து நின்று, இந்தக் கீறலை நான் போடவில்லை என்று சத்தியம் செய்கிறவர்களோடு தினமும் மல்லுக்கு நின்றால் உங்களுக்கும் பிடிக்காது.

அந்த மல்லுக்கட்டில் எனக்கிருந்த ஒரே துணை ரூபினாக்கா. திரும்பி வந்த காரை ஒரு சுற்று சுற்றுவார், காரைக் கொண்டு வந்தவனிடம் இரண்டு வார்த்தை கேட்பார், பிறகு என் பக்கம் திரும்பி, "பொய் சொல்றான், எழுதிக்கோ" என்பார்.

"எப்படிக்கா கண்டுபிடிக்கிற?"

"நிஜமாவே தெரியாதவன் குனிஞ்சு காரைப் பார்ப்பான்டா. தெரிஞ்சவன் காரைப் பார்க்கவே மாட்டான். என் கண்ணையே பார்த்துப் பேசுவான்."

ஒரு தடவைகூட இது தப்பியதில்லை. மணலிலும் அவர் கெட்டிக்காரர். காருக்குள் கிடக்கும் மணலை வைத்தே எந்தக் கடற்கரைக்குப் போய் வந்தார்கள் என்று சொல்லிவிடுவார். வெள்ளைக் கூழாங்கல் என்றால் வடக்கே மிர்தோஸ். சிவப்பு மணல் என்றால் க்ஸீ. சிவப்பைப் பார்த்தால் மட்டும் வாயில் நல்ல வார்த்தை வராது. சீட் துணியில் ஏறினால் லேசில் போகாது என்பது ஒரு காரணம். க்ஸீக்குப் போகிற எல்லாக் கார்களும் லிக்சூரி ஊரைத் தாண்டி, அவர் வீட்டு வாசலை ஒட்டித்தான் போக வேண்டும் என்பது இன்னொன்று.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் மேமாஸ் கல் குவாரியில் லாரி ஓட்டியவர். குடித்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். ஊருக்கே தெரியும். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அவர்களுடைய ஒரே மகள் மரியெத்தா, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு படகுத்துறைக்கு வந்தாள். கையில் இரண்டு டிக்கெட் இருந்தது. "நீயும் வாம்மா" என்றாள். ரூபினாக்கா ஏறவில்லை. படகு போன பிறகு நேராக வேலைக்கு வந்து, அன்றைக்கு நாற்பது கார் கழுவினார்.

மகள் ஜெர்மனிக்குப் போய்ப் பிரேமனில் வேலை தேடிக்கொண்டாள், ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேமாஸுக்கு நான்கு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். மாலையில் ரூபினாக்கா போய்ப் புரட்டிப் போட்டு, துடைத்து, கரண்டியால் ஊட்ட வேண்டும். அநியாயம் என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "தெருவுலயா தூக்கிப் போட முடியும்?" என்று கேட்டார். போடலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

இந்த வருடம் வசந்தத்தில் மகள் போன் செய்தாள். ஜூலையில் ஒரு வாரம் வருகிறோம், மூன்று பேரும். ஆனால் அந்த ஆள் இருக்கிற வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றாள். அதை என்னிடம் சொல்லிவிட்டு ரூபினாக்கா இரண்டு நாள் வழக்கம்போலக் கார் கழுவினார். மூன்றாம் நாள் கவுண்டருக்கு வந்தார்.

"பனாகி, எனக்கு ஒரு கார் வேணும்."

"கழுவுறதுக்கா?"

"வாடகைக்குடா. ரெண்டு நாளைக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு வரமாட்டேன்னுதானே சொன்னா? கார்ல அவர் இல்லையே. அவளையும் பேத்தியையும் ஏத்திக்கிட்டு மலைப்பக்கம் போறேன். எங்கயாவது நிழல்ல நிறுத்திட்டுச் சாப்பிடுவோம். ரெண்டு நாள் போதும் எனக்கு."

"கேட்டைத் தாண்டி நீ ஓட்டினதே இல்லையேக்கா."

"லைசென்ஸ் வச்சிருக்கேன்ல?"

லைசென்ஸ் இருந்தது. நாற்பத்தொன்றாம் வயதில், மைதானத்துக்குள் காரை முன்னே பின்னே நகர்த்துவதற்காகக் கம்பெனி எடுத்துக் கொடுத்தது. ஜூன் மாதம் முழுக்க மாலை வேளைகளில் என்னுடைய ஓட்டைக் காரில் அவரைப் பழக்கினேன். வளைவு வந்தால் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்காக ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வரும்.

முதல் தடவை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு வரும் எல்லா இடைஞ்சலும் அவருக்கும் வந்தது. கிரெடிட் கார்டு இல்லாமல் கார் தர முடியாது. அவரிடம் இல்லை. ஆகவே என் பெயரில் எடுத்து, அவரை இரண்டாவது டிரைவராக எழுதினேன்.

"அப்போ இதுலயும் நான் ரெண்டாவதுதானா?"

"விதி அப்படிக்கா."

"வீட்டுல மட்டும் என்ன வாழுதாம்."

கையெழுத்துக்கு முன் காரைச் சுற்றி வந்தார். பம்பரின் அடிப்பக்கம், சக்கர விளிம்பு, கூரை, முன் கண்ணாடியின் மூலை, டிக்கிக்குள் ஸ்டெப்னி என்று ஒன்றையும் விடவில்லை. பதினான்கு கீறல், ஒரு ஒடுக்கு. எல்லாவற்றையும் எழுத வைத்தார்.

"காலைல நீதானேக்கா கழுவின? அப்ப தெரியலையா?"

"கழுவுறப்ப ஊரான் கார். இப்ப என் கார்."

குழந்தை சீட்டைத் தானே மாட்டி, பெல்ட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் விமானம். ரூபினாக்கா நீலப் பூப்போட்ட உடுப்பில் வந்திருந்தார். கார் வாசலுக்கு எதிரே நின்றது, மைதானத்திலிருந்து அங்கே வரைக்கும் அவரே ஓட்டி வந்தது. பின்சீட்டில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுட்ட பண்டம் ஒன்று பெரிய தட்டோடு வெள்ளைத் துணியில் கட்டி வைத்திருந்தது. விடியும் முன்பே எழுந்து செய்தாராம். சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

மரியெத்தா வெளியே வந்தாள். தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள். பேத்தி அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மருமகன், உயரமான ஆள், தலையை அசைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். ரோலோஃப், சாம்பல் நிறக் கார், ஏழு நாள்.

அந்தப் பெயர் ஒரு வாரமாக என் பட்டியலில் இருந்தது. அது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சாம்பல் நிறக் காரை முந்தின நாள் சாயங்காலம் கழுவித் துடைத்து, தயார் என்று சீட்டு ஒட்டியது ரூபினாக்காதான்.

"நான் கார் எடுத்திருக்கேன் மரியெத்தா. வெளியில நிக்குது" என்றார் ரூபினாக்கா.

"நீயா? எதுக்கும்மா? நாங்க எப்பவோ புக் பண்ணிட்டோமே."

"வேற வேலை இல்லாம எடுத்தேன். பரவால்ல."

சாவி அவர் பைக்குள் போனது. நான் வாடகைப் படிவத்தை மருமகனிடம் நீட்டினேன். அவன் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். ரூபினாக்கா அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"போடாத தம்பி. முதல்ல காரைப் பாரு. மரியெத்தா, சொல்லு அவன்கிட்ட."

"இப்படி வாடகைக்கு எடுக்கிறது எங்களுக்கு இதான் முதல் தடவைம்மா. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும். வா."

அம்மாவும் மகளும் அந்தச் சாம்பல் நிறக் காரை இருபது நிமிடம் சுற்றினார்கள். நான் படிவத்தை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"இங்க ஒரு கீறல், போட்டோ எடு. தேதி விழணும். இந்த ஒடுக்கையும் எடு. வண்டிய படகுல ஏத்தாதே, ஏத்தினா இன்சூரன்ஸ் செல்லாது, குடாவைச் சுத்தி ரோட்டுலயே போ. டீசலா பெட்ரோலான்னு மூடியில போட்டிருக்கும், பார்த்து ஊத்து. அத்தி மரத்தடியில நிறுத்தாதே, பழம் விழுந்தா பெயின்ட் போயிடும். இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க, கியரைக் குறைச்சிடணும். போன் குறுக்கு வழி காட்டினா நம்பாதே, அதெல்லாம் ஆட்டுப் பாதை."

"சரிம்மா."

"திருப்பி விடுறப்பவும் இதே மாதிரி போட்டோ எடுத்துடு. இங்க இருக்கறவங்க பொல்லாதவங்க."

அதைச் சொல்லும்போது என்னைக் காட்டினார். மரியெத்தா முதல் தடவையாகச் சிரித்தாள். பன்னிரண்டு வருடத்துப் பேச்சு இருந்தது இரண்டு பேருக்கும். இருந்த இருபது நிமிடமும் டயரிலும் டீசலிலும் போனது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நான் கீறல்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

ரூபினாக்கா தட்டை எடுத்து வந்து அவர்களுடைய டிக்கியில் வைத்தார். "நாளைக்கு வரீங்களா? நானே ஓட்டுவேன், மலைப்பக்கம் போலாம்."

"பார்க்கலாம்மா. போன் பண்றேன்."

போன் வரவில்லை. ரூபினாக்கா அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கணவரை ஒப்படைத்துவிட்டு வந்து, நிறுத்துமிடத்தில் தன் வாடகைக் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு, செல்போனை மடியில் வைத்திருந்தார். நான் காப்பி கொண்டு போனால், "மலைல சிக்னல் கிடைக்காது, அதான்" என்பார். இரண்டாம் நாள் மாலை காரை மைதானத்துக்கு ஓட்டி வந்து, பெல்ட்டைக் கழற்றி, குழந்தை சீட்டை எடுத்துவிட்டு, தானே கழுவினார். புதுக் கீறல் எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னார். வண்டி மொத்தமாக ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் கவுண்டரைத் திறந்தபோது சாம்பல் நிறக் காரின் சாவி பெட்டிக்குள் கிடந்தது. விடியற்காலை விமானத்தில் போய்விட்டார்கள். பத்து மணிக்கு மைதானத்திலிருந்து ரூபினாக்கா என்னைக் கூப்பிட்டார். காரின் நான்கு கதவும் திறந்திருந்தன. பின்சீட்டெல்லாம் சிவப்பு மணல்.

"க்ஸீக்குப் போயிருக்காங்க" என்றார்.

பிறகு டிக்கியைத் திறந்து காட்டினார். துணியில் கட்டிய தட்டு அப்படியே இருந்தது. ரூபினாக்கா போட்ட முடிச்சு, அவிழ்க்கவே இல்லை. ஒரு வார வெயிலில் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று நாற்றமே சொன்னது.

"நான் தூக்கிப் போட்டுடறேன்க்கா. நீ போ."

"கார்ல ஏதாவது விட்டுட்டுப் போனா போன் பண்ணிக் கேட்கணும். விதி அதானே?"

"தெரியாத ஆளுங்களுக்குத்தான் அது."

"பண்ணு பனாகி. மறந்துட்டாளா என்னன்னு எனக்குத் தெரியணும். நான் பண்ணா எடுக்க மாட்டா."

உள்ளே போய்ப் படிவத்திலிருந்த எண்ணை அழைத்தேன். மருமகன் எடுத்தான். ஏதென்ஸில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார்கள். போன் மரியெத்தாவிடம் போனது. காரில் ஒரு தட்டு இருக்கிறது என்றேன். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மறக்கல அண்ணா. அந்த வீட்டு அடுப்புல வெந்தது. அதே தட்டுலேர்ந்துதான் அந்த ஆளுக்கும் ஊட்டியிருப்பாங்க. என் பொண்ணுக்குக் குடுக்க மனசு வரல. எறியவும் கை வரல. க்ஸீயிலேர்ந்து திரும்பி வர்றப்ப வீட்டு வாசல்ல நிறுத்தச் சொன்னேன். இறங்கிக்கூட நின்னேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. அந்த ஆள் இருமினாரு. அம்மா, 'இதோ வந்துட்டேங்க'ன்னாங்க. எவ்வளவு பாசமா சொன்னாங்க தெரியுமா? என்கிட்ட அந்தக் குரல்ல பேசினதே இல்ல. திரும்பி வந்து கார்ல ஏறிட்டேன்."

"அம்மாகிட்ட என்னம்மா சொல்றது?"

"நீங்களே ஏதாவது சொல்லிக்கோங்க. நாங்க இனிமே அங்க வரமாட்டோம்."

வெளியே வந்தேன். ரூபினாக்கா வேக்குவம் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"மறந்துட்டாங்களாம்க்கா. அவசரத்துல விட்டுட்டாங்களாம். ரொம்ப வருத்தப்பட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். காரையோ தட்டையோ நான் பார்க்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துப் பேசியிருந்தேன்.

"சரிடா" என்றார். வேக்குவத்தைப் போட்டுவிட்டுப் பின்சீட்டுக்குள் குனிந்தார். அந்தக் காரை எடுக்க அடுத்த ஆள் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது.