ஜூடித்தின் அளவுக்கு ஒரு பவர் கைட்

ஜூடித்தைக் குள்ளச்சி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். "வளர்ற பொண்ணு" என்று சொன்னால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே அவளை இருபத்தேழு வயது வரை படுத்தியெடுத்தது.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் அவள் வீடு. அப்பா இல்லை. அம்மா பெர்னதெத் ஆன்ட்டி ஒரு நர்சிங் ஹோமில் சமையல் பார்த்தார். ஆன்ட்டி கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாகத் திட்டலாம். அவரிடம் இருந்த ஒரே வியாதி, மகளுக்கு எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. கேட்டால், "பெருசா எடுத்தாதாம்மா நாலு வருஷம் வரும், வளர்ற பொண்ணு" என்பார்.

1991-இல் ஜூடித்துக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறை நற்கருணை வாங்குகிற சடங்கு. வெள்ளை கவுனை, சில வருஷம் கழித்து வருகிற உறுதிபூசுதலுக்கும் ஆகட்டும் என்று கணுக்காலுக்குக் கீழே தைத்து, உள்ளே மடித்துத் தையல் ஓட்டி வைத்திருந்தார்கள். பீடத்துக்குப் போகும்போது மடிப்பு பிரிந்துகொண்டது. பிள்ளை கவுனைத் தானே மிதித்துச் சாமியார் காலடியில் குப்புற விழுந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போட்டோவில் கைகூப்பி நிற்க, இவள் மட்டும் இரண்டு கையிலும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் போட்டோவைப் பார்த்து வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூட ஷூவின் முனையில் பஞ்சு. ஸ்வெட்டர் கையில் மூன்று மடிப்பு. எட்டாவது படிக்கும்போது வாங்கித் தந்த சைக்கிளில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. நின்றுகொண்டே மிதித்தாள். நாலடி பத்து அங்குலத்தில் அவள் வளர்த்தி நின்றுவிட்டது. ஷூ தேய்ந்தது, சைக்கிள் துருப்பிடித்தது, அவள் மட்டும் அவற்றின் அளவுக்கு வந்து சேரவே இல்லை. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதும் ஆன்ட்டி ஆறடிக்குக் குறைந்த பையன் போட்டோவைக் கையால் தொடவில்லை. பேரப்பிள்ளைகளாவது உயரமாக வர வேண்டுமாம்.

நான் ஜோகுபாளையத்துக்காரி. பெயர் விஜி. 2007-இல் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் ஜூடித்தும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம். மத்தியான ஷிப்ட். ஒரே கேப் வண்டி, பக்கத்துப் பக்கத்து சீட். இங்கிலாந்தில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு வரும் போனை இங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் எடுப்போம். எனக்கு டென்ட்டும் தூங்கும் பையும். ஜூடித்துக்கு பவர் கைட்.

பவர் கைட் என்றதும் நம்மூர்ப் பட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அதில் குச்சி கிடையாது, வாலும் கிடையாது. காற்றடைத்துப் புடைக்கிற துணி. நாலு கயிறு, இரண்டு கைப்பிடி. பட்டத்தை நாம் இழுப்போம், இது நம்மை இழுக்கும். துணி எத்தனை சதுர மீட்டரோ அதுதான் அதன் சைஸ், பேச்சில் வெறும் மீட்டர் என்பார்கள். புதிதாக வாங்க வருகிறவர்களிடம் ஜூடித் முதலில் எடையைக் கேட்பாள். அப்புறம் அவர்கள் ஊரில் காற்று எப்படி என்று கேட்பாள். கட்டையான ஆளுக்கு மூன்று மீட்டர் சொல்வாள். ஒல்லியான ஆளுக்கு, அதுவும் காற்று அதிகமுள்ள கடற்கரை என்றால், இரண்டுக்கு மேல் ஒரு அங்குலம் ஏற மாட்டாள். "காத்து ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்காகும்டி" என்று கேபில் எனக்குப் பாடம் எடுப்பாள். கண்ணால் பார்க்காத ஒரு சாமானைப் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. இந்தாங்க, உங்க அளவு இது, இதை வாங்குங்க என்று ஒருவரிடம் சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதிலும் மண்ணைப் போட வந்தான் எங்கள் டீம் லீடர் ஸ்ரீகண்டன். ஒருநாள் பின்னால் வந்து நின்று அவள் பேசிய போன் கால் ஒன்றைக் கேட்டுவிட்டு, "ஜூடித், ஏன் சும்னே சின்னதையே சொல்றீங்க? ஒரு சைஸ் மேல தள்ளுங்க. கஸ்டமர் பழகப் பழக அதுக்கு வளர்ந்துடுவாங்க" என்றான், கன்னடம் கலந்த தமிழில்.

ஜூடித் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நாப்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு அஞ்சு மீட்டர் குடுத்தா வளர மாட்டாங்க ஸ்ரீகண்டன். போய்ச் சேந்துடுவாங்க."

அந்த மாதம் விற்பனைக் கணக்கு எழுதுகிற போர்டில் அவள் பெயர் கடைசியில் இருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். பெரிதாக விற்றவனுக்குக் கைதட்டல், சரியாக விற்றவளுக்கு அறிவுரை. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான்தான் பாத்ரூமில் போய் ஸ்ரீகண்டனைத் தமிழில் திட்டிவிட்டு வந்தேன்.

ஊருக்கெல்லாம் அளவு சொன்னவளுக்குத் தன் கையிலும் ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இங்கே அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அவள் சித்தி பிலோமினா லண்டனில் இருந்தார். வருஷா வருஷம் ஜூலையில் லீவுக்கு விவேக் நகர் வருவார். 2009-இல் அவருக்குப் போன் போட்டு ஜூடித் கேட்டாள். வாழ்க்கையில் அவளாக வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அதுதான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ரெண்டு மீட்டர் சித்தி. கலர் எதுவா இருந்தாலும் பரவால்ல. சைஸ் மட்டும் ரெண்டு. நான் நாப்பத்தி நாலு கிலோ, அதுக்கு மேல போனா என்னால புடிக்க முடியாது."

அப்புறம் மெயிலிலும் அதையே எழுதினாள். சித்தி வரும்வரை அவளுக்கு வேறு பேச்சே இல்லை. கேப் ஜன்னலில் மரக்கிளை ஆடினால் போதும், "இந்தக் காத்துக்கு ரெண்டு கரெக்டா இருக்கும்ல" என்பாள். எனக்குச் சலித்துப்போனது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் உடம்புக்கென்று ஒரு பொருள் வருவதற்காக அவள் காத்திருந்தாள், அது எனக்குப் புரிந்தது.

சித்தி வந்தார். பெட்டியைத் திறந்து சாக்லேட், சோப்பு எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து நீலப் பை ஒன்றை எடுத்து ஜூடித் மடியில் வைத்தார். பையின் மேல் 5 என்று போட்டிருந்தது.

"ரெண்டு மீட்டரும் பாத்தேன்டி. இத்தினிக்கூண்டு இருந்துச்சு, கொழந்தைங்க விடறதாம். இது சேல்ல போட்டிருந்தான். அதே வெலைக்கு இவ்ளோ பெருசு" என்றார் சித்தி, முகமெல்லாம் பெருமையாக.

"நல்ல வேலை பண்ண பிலோ. பெருசா இருந்தாதான நாளைக்கும் ஆகும்" என்றார் பெர்னதெத் ஆன்ட்டி.

நாளைக்கு என்ன ஆகும்? நாளைக்கு அந்தப் பெண் ஆறடி ஆகிவிடுவாளா? எனக்கு வாய் அரித்தது. "ஆன்ட்டி, இது ஆளையே இழுத்துட்டுப் போயிடும். அவ அதனாலதான் ரெண்டு கேட்டா" என்றேன்.

"அதெல்லாம் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்றார் ஆன்ட்டி.

ஜூடித் "தேங்க்ஸ் சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைக் கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தாள். வாசலில் என்னை வழியனுப்பும்போது, "அதை நான் தொட மாட்டேன் விஜி" என்றாள்.

தொடாமல் இருக்க விட்டார்களா? "இவ்ளோ தூரம் செமந்துட்டு வந்தேன், பையைப் பிரிச்சுக்கூடப் பாக்கல" என்று சித்தி மூக்கைச் சிந்தினார். "யாருக்கு இந்தக் கொழுப்பு?" என்று ஆன்ட்டி ஆரம்பித்தார். காலை, மாலை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால், ஜெபமாலை முடிந்ததும், இதே பாட்டு. கேட்டது ஒன்று, கொடுத்தது இன்னொன்று, அதற்கு நன்றி போதவில்லை என்று கண்ணீர் வேறு. கடைசியில் ஜூடித் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாடகை ஆம்னி வேன் ஒன்றில் கிளம்பினார்கள். புத்தி தெளிவாக உள்ள ஆள் ஒருத்தியாவது கூட இருக்கட்டும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

ஹெப்பகோடியைத் தாண்டி, சைட் போட்டு விற்பனை ஆகாமல் கிடந்த ஒரு லேஅவுட். செம்மண், முள்செடி, அங்கங்கே எல்லைக்கல். ஆடிக் காற்று ஆம்னியின் கதவையே திறக்க விடவில்லை. ஜூடித் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்றாள்.

"இந்தக் காத்துக்கு எனக்கு ரெண்டே ஜாஸ்தி சித்தி. இன்னிக்கு வேணாம்."

"ஒரே ஒரு போட்டோடி. லண்டன்ல காட்டணும்" என்றார் சித்தி.

ஜூடித் அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள் என்றே நினைக்கிறேன்.

"போடி, சித்தி மனசு நோகக் கூடாது" என்றார் ஆன்ட்டி.

அவள் கல் இல்லாத இடமாகப் பார்த்து, துணியை விரித்து, ஓரத்தில் மண்ணை அள்ளிப் போட்டாள். கயிறுகளைப் பிரித்து நீட்டினாள். கைப்பிடியை விட்டால் துணி தானே சுருண்டு விழுகிற மாதிரி மணிக்கட்டில் மாட்டுகிற வார் இருந்தது. அதை இரண்டு கையிலும் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் போனில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். எடையை மாற்றத்தான் வழியில்லை.

கைப்பிடியை லேசாக இழுத்ததும் நீலத் துணி குபுக்கென்று புடைத்து எழுந்தது. சித்தி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் ஜூடித்தின் கால் தரையில் இல்லை. அடுத்த நொடி குப்புற விழுந்தாள். விழுந்த பின்னும் துணி விடவில்லை, மண்ணோடு மண்ணாக அவளைத் தேய்த்து இழுத்துக்கொண்டு போனது. அவள் கைப்பிடியை உதறினாள். துணி சுருண்டு விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் தலைக்கும் ஒரு எல்லைக்கல்லுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவள் பார்த்து வைத்த கல் இல்லாத இடமெல்லாம் எப்போதோ பின்னால் போய்விட்டது.

மோவாய், இரண்டு முழங்கை, முட்டி எல்லாம் தோல் உரிந்து ரத்தம். சுடிதார் கிழிந்து தொங்கியது. ஆன்ட்டி மூச்சு வாங்க ஓடி வந்து மண்ணில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் மகள் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். வாய் மட்டும் பழையபடி ஓடியது.

"ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல. ஏசுவே. மொத தடவைல. பழகிட்டா சரியாயிடும், கைல பலம் வந்துச்சுன்னா…"

"எனக்கு இருபத்தேழு வயசு மம்மி" என்றாள் ஜூடித். கத்தவில்லை. "நான் இனிமே வளர மாட்டேன். நான் இவ்ளோதான். நீங்க யாருக்கோ வாங்கிட்டு இருக்கீங்க. அவ வர மாட்டா."

ஆன்ட்டியின் கை நின்றது. அவர் ஜூடித்திடம் பேசும்போதெல்லாம் அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே பார்த்துப் பேசுவார், நான் எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நேராக முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

சித்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "திருப்பிக் குடுத்துடறேன்டி. என்ன வேணும்னு சொல்லு, போனதும் அனுப்பறேன்."

"ரெண்டு மீட்டர், சித்தி."

"ரெண்டா?" என்றார் ஆன்ட்டி. மகளின் ரத்தம் தலைப்பில் ஈரமாக இருந்தது. அப்போதும் மனசு கேட்கவில்லை அவருக்கு. "பிலோ, அங்க மூணுல ஏதாச்சும்…"

ஜூடித் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மம்மி."

காற்று புழுதியை வாரி எங்கள் எல்லார் மேலும் போட்டது. ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "ரெண்டுன்னா ரெண்டுதான் பிலோ. அதான் அவ அளவு" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை நான் என் காதால் கேட்டேன். கேட்டு எனக்கும் அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் கோபம் மட்டும் இன்னும் போகவில்லை. அதைச் சொல்ல வைக்க அந்தப் பிள்ளை தரையில் தேய வேண்டியிருந்தது.