டிஸ்க் இல்லாத பெட்டியில் பாஷா பாய் குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே "வேற வேல இருந்தா பாருப்பா" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருத்தணியில் கேமரா மாட்டுவது, இன்டர்நெட் இழுப்பது, பழுது பார்ப்பது, இதுதான் பிழைப்பு. எந்தக் கோளாறுக்கும் ஒயர், கரண்ட், இல்லாவிட்டால் எலி, இதில் ஏதோ ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ரயிலடிக்குப் பின்னால் மெக்கானிக் பாஷா பாய் வீடு. பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்ட மனிதர். வெளிநாட்டில் இருக்கும் மகன் முன்பே ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தான், வீட்டு செல்போன்களில் எடுக்கிற படம், வீடியோ எல்லாம் வைஃபை வழியாகத் தானாகவே அதில் போய்ச் சேர்ந்துவிடும். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். பாய் பேசிய காலத்து வீடியோக்கள் அதில் மட்டும்தான் இருந்தன, அந்த போன்களெல்லாம் எப்போதோ உடைந்துபோயின. இப்போது பெட்டி விடாமல் பீப் பீப் என்று கத்துகிறது, எதையும் திறக்க மாட்டேன் என்கிறது. மகள் ஷாஹீனுக்கு அடுத்த வாரம் நிக்காஹ்.

"மாமியார் வூட்டுக்கு வேற எதுவும் வேணாம்ணா, அப்பா பேசுனத மட்டும் எடுத்துகினு போவணும்" என்றாள்.

பெட்டியைத் திறந்தால், சூட்டைத் தணிக்கிற காற்றாடி முழுக்கப் பழுப்பாகப் பிசுக்கு. முகர்ந்து பார்த்தேன்.

"அக்கா, இதுக்கு சாம்பிராணி காட்டுறீங்களா?"

பாயின் மனைவி பர்வீன் அக்கா, "ஆங், வியாழக்கெழம சாயங்காலம் வூடு பூரா காட்டுவேன் தம்பி. அவரு கொரலு இதுலதான கீது, கண்ணு பட்டுடப் போவுதுன்னு இதுகிட்ட மட்டும் கொஞ்ச நேரம் வெச்சிருப்பேன்" என்றார்.

புகை படிந்து காற்றாடி நின்று, சூட்டில் இரண்டு டிஸ்க்கும் அடிவாங்கியிருந்தன. அந்த முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது? தூசுதான்க்கா என்று மழுப்பிவிட்டேன்.

டிஸ்க் இரண்டையும் கழற்றி மடியில் துண்டின் மேல் வைத்துக்கொண்டு, போர்டாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, காலிப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். அதோடு இணைந்திருந்த ஹால் டிவியில், ஃபைல் எதுவும் இல்லை என்று வந்தது. சரியாகத்தான் வந்தது. நல்ல மத்தியான வெயில், அன்று கிருத்திகை, மலைக்குப் போகிற கூட்டத்தின் சத்தம் தெருவில். பாய் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டிவி பக்கமிருந்து, நம்பினால் நம்புங்கள், பாயின் குரல். காலங்காலமாக என் வண்டியைப் பார்த்துக்கொடுத்தவர், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

"ஷாஹீன், கதவத் தொறம்மா."

அடுப்படியிலிருந்து "தோ வந்துட்டேம்ப்பா" என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே ஓடிவந்து அந்தப் பெண் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே யாருமில்லை. அப்புறம்தான் உறைத்து, திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் மூடித்தான் இருந்தது, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பர்வீன் அக்கா "யா அல்லா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி டிவியைப் பார்த்தேன், அதை நான்தான் மியூட்டில் போட்டிருந்தேன், அந்த அடையாளம் திரையில் அப்படியே இருந்தது.

டிவிக்குள் பழைய வீடியோ ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று துழாவினேன். ஒன்றுமில்லை. டிஸ்க்கை சென்னையில் மீட்டெடுக்கிறவர்களிடம் கொடுத்ததில், நிக்காஹ்வுக்கு முந்தின நாள் பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. அதில் பாய் பேரம் பேசுகிறார், மகளைத் திட்டுகிறார், திட்டிவிட்டுத் தானே சிரிக்கிறார். எல்லோரும் அழுதோம், நானும்தான்.

ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன், அந்த வார்த்தை மட்டும் எதிலும் இல்லை. கிடைக்காத பாதியில் இருந்திருக்கும் என்பீர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற மனுஷன் கதவைத் திறக்கச் சொல்வதை எவன் ஐயா வீடியோ எடுத்து வைப்பான்?

போன மாதம் ஷாஹீன் அரக்கோணத்திலிருந்து பேசினாள். நலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு நான் கதவத் தொறந்தப்போ கிரீஸ் வாசன உள்ள வந்துச்சு. அப்பா ஷெட்டுலருந்து வந்தா அடிக்குமே, அதே வாசன. உங்களுக்கு வந்துச்சா?"

இல்லம்மா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வந்தது. என் பக்கமாகத்தான் கடந்து, பாய் உட்கார்ந்திருந்த கட்டில் வரைக்கும் போயிற்று.