பக்கத்து வீட்டம்மா

“நான் இப்ப பக்கத்து வீட்டுக்காரி” என்று தனக்குத்தானே அறிவித்துவிட்டு, அக்கா கணினித் திரைக்குள் மூக்கை நுழைக்கிறார். “அறுபத்தொரு வயசு, பொம்பளை, ஸ்கூல் வேன் ஓட்டறாங்க. அட, எங்க தெருமுனை வீட்டுல இருக்கிறவங்களாச்சே!” உடனே ‘ஸ்கூல் வேன்’ அழிந்து வெறும் ‘ஓட்டுநர்’ ஆகிறது. அதுவும் போதாதென்று வயது ‘அறுபதுக்கு மேல்’ ஆகிறது.

பெயர் எடுத்த தகவலை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரி ஆளைக் கண்டுபிடித்துவிடுவாளா என்று இப்படித்தான் சோதிப்பார்; அதனால் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயரே பக்கத்து வீட்டம்மா. ஊரெல்லாம் கேட்டு வாங்கிய ஆய்வுத் தகவல்களை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது அவர் வேலை. சிலது எல்லோருக்கும் திறந்தது. சிலது, விண்ணப்பித்துக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு. மிச்சத்தை, செல்போனை வெளியே வைத்துவிட்டு வந்து எங்கள் அறையிலேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? அக்காவுக்கு இருபது வருடமாகக் குழப்பம்தான். பூட்டினால், “இதை வெச்சு யாராவது ஒரு மருந்து கண்டுபிடிச்சிருப்பாங்களோ” என்று புலம்புவார். திறந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மாற்றி மாற்றி வைத்து எங்கள் உயிரை எடுப்பார்.

“பேரை எடுத்துட்டா ஆளு மறைஞ்சிடுவாரா? ஊர்ல பேரை வெச்சுத்தானா அடையாளம் சொல்றாங்க?” என்பார்.

போன வாரம் தூக்கமின்மை பற்றிய ஆய்வு வந்தது. வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். “நாப்பத்தி நாலு வயசு. பல் செட் செய்யறவர். இரட்டைப் பொண்ணுங்க. மனைவி தவறி ஒரு வருஷம்...” நிறுத்திவிட்டார். நானும் நிமிர்ந்தேன். என் அப்பாவுக்குப் பல் செட் செய்து கொடுத்தவர் அக்காவின் தம்பிதான். (தொழில், வயது, பிள்ளைகள், என் அப்பா எல்லாவற்றையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அக்காவிடம் கற்றது.)

திரையில் அந்த வரியின் அடுத்த கட்டங்களை நான் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். ‘வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா?’ ஆம். ‘யாரிடமாவது சொன்னீர்களா?’ இல்லை.

அக்கா திரையை அணைத்தார். மறுபடி போட்டார். “வேற யாராவதா இருக்கும். இருக்காதா?” தகவலில் தெரிந்துகொண்டதை வைத்து யாரையும் தேடிப் போகக் கூடாது என்பது இங்கே விதி. அந்த விதியை எழுதியவரே அக்காதான்.

“கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்பான். யாருக்கும் தெரியாதுங்கற நம்பிக்கையிலதானே சொல்லியிருக்கான். கேக்காம விட்டா...” என்றார்.

ஆய்வு செய்த டாக்டர் வந்து நின்றார். “பேரெல்லாம் எடுத்தாச்சே, ஏன் பூட்டறீங்க? எந்த வரியில பிரச்சனைன்னு சொல்லுங்க, அதை மட்டும் தூக்கிடறேன்.” வரியைச் சொன்னால் ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி.

“தெரியல டாக்டர். இப்போதைக்கு பூட்டியே இருக்கட்டும்” என்றார் அக்கா. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மதியம் தம்பியைப் போனில் கூப்பிட்டார். “சும்மாதான்டா. சாப்பிட்டியா?” சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது. “அப்புறம்?” என்றார் அக்கா. “அப்புறம்... வேற?” அதற்குமேல் கேட்க வழியில்லை, வைக்கவும் மனமில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அழுகை வந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். லிஃப்ட் வந்து கதவு திறந்து நின்றது. உள்ளே போனால் பேச்சு அறுந்துவிடும் என்று, “ம்... சொல்லுடா... ம்” என்றபடியே ஆறு மாடியையும் படியில் இறங்கத் தொடங்கினார்.