முதுமை என்று எழுதிய மருந்தகம்

ஈப்போவுக்கு வெள்ளைக் காப்பி குடிக்கவும் குகைக்கோயில் பார்க்கவும் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். போன மார்ச்சில் நான் போனது அந்த ஊரின் சிலிபின் பகுதியில் இருக்கும் என் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக. அவருக்கு வயது எழுபத்து நான்கு. நான்கு மாதமாக நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கேட்டால் "வயசாச்சுலா" என்பார். இத்தனைக்கும் அவர் இருபது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் டிரெஸராக இருந்தவர். மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் எட்டிப் பார்க்கும் தோட்ட மருந்தகத்தை மற்ற நாளெல்லாம் நடத்துகிறவர்தான் டிரெஸர். அண்ணி போனில் புலம்பினார். நான் டிக்கெட் எடுத்தேன்.

கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலிலிருந்து ரயில், இரண்டரை மணி நேரம், நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். குளிர் அதிகம், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதுமையைப் பற்றி மருத்துவர்கள் காலங்காலமாக என்ன நினைத்தார்கள் என்று வழியெல்லாம் படித்தேன். வாத்தியார் வேலை பார்த்த புத்தி, குறிப்பெடுக்காமல் சண்டைக்குப் போகத் தெரியாது.

நம் சித்த வைத்தியம் ஆயுளை மூன்றாகப் பிரித்துக் கடைசிப் பங்கைக் கபத்துக்குக் கொடுத்தது. உடல் குளிர்ந்து உலர்ந்து போவதே முதுமை என்றார்கள் கிரேக்கர்கள். ரோமாபுரியில் முதுமையே ஒரு நோய் என்றவர்களும் இருந்தார்கள், இல்லை அது இயற்கை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். எது உண்மையானாலும் கிழவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது பத்தியமும் கைவிரிப்பும்தான். வெகுகாலம் கழித்துப் பாரிஸில் முதியோர் விடுதி மருத்துவர்கள், வயதால் வந்தது எது, வியாதியால் வந்தது எது என்று இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில், இனி எழ மாட்டார்கள் என்று படுக்கையில் விட்டிருந்த முதியவர்களை ஒரு பெண் மருத்துவர் ஒழுங்காகப் பரிசோதித்தார். பலர் எழுந்து நடந்தார்கள். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "பத்து காஜா ஊரு ஆஸ்பத்திரிக்கு வாரேன். மொதல்ல தோட்டத்துக்குப் போகணும்." தோட்டத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. காத்திருப்பதையும் சேர்த்து எண்பது வெள்ளிக்கு ஒரு கார் பேசினேன். எட்டு மணிக்குக் கிளம்பினோம், தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண்.

"லோரி போற பாதை லா, அக்கா. மெதுவாதான் போலாம்" என்றார் ஓட்டுநர். நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது.

ரப்பர் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. மருந்தகம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் இரண்டு படிகளும் மிச்சம். அண்ணன் அதில் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும் பேசத் தொடங்கினார்.

"காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுத்ததும் சீக்காளிங்க இங்க வரிசையா நிப்பாங்க. கண்ணு எமைய கீழ இழுத்துப் பாப்பேன். எளசுங்களுக்கு வெளுத்திருந்தா ரத்தம் கம்மின்னு வயித்துப் பூச்சி மருந்து, இரும்பு மாத்திர. அம்பத்தஞ்சு தாண்டிட்டா 'முதுமை'ன்னு எழுதி, புல்லு புடுங்க அனுப்பிருவேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"சரிண்ணே, அது அந்தக் காலம்."

"கருப்பாயி அக்கான்னு ஒருத்தவங்க. மூச்சு வாங்குது தம்பின்னு ஆறு மாசம் வந்து நின்னாங்க. ஆறு மாசமும் அதையேதான் எழுதுனேன். செத்தப்பவும் அதையேதான் எழுதுனேன்." செம்பனைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எனக்கு இருக்குறது வியாதின்னு சொல்லிட்டா, அவங்களுக்கு இருந்தது என்னா?"

நான்கு மாதமாக அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைக்காததன் காரணம் இது. பிடிவாதம் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. குறிப்பெடுத்த நோட்டு பையிலேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

"வெளுத்திருக்குண்ணே. இப்ப ஒருத்தவங்க இந்தக் கண்ணோட உங்க முன்னாடி வந்து நின்னா என்ன செய்வீங்க?"

அண்ணன் சொன்னார்: "ரத்தம் பாக்கணும்." என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முடிவுக்கு முன், இப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய தோட்டங்களெல்லாம் தனியார் நிலம். அலுவலகத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போனில் சிக்னல் எடுக்காது, கழிவறை கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். மதியத்துக்குமேல் மழை வந்தால் செம்மண் பாதையில் கார் ஏறாது. ஆஸ்பத்திரிக்குப் பெரியவர்களை அழைத்துப்போனால், கடையில் அவர்களாகவே வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எங்களுக்கு உதவியது அதுதான். அண்ணன் முட்டிவலிக்கு வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரை வயிற்றில் புண்ணாக்கி, கொஞ்சங் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருந்தது.

பத்து காஜாவில் இரண்டு பை ரத்தம் ஏற்றி, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த பிறகு அங்கிருந்த டாக்டர் பெண் தமிழிலேயே சொன்னார்: "இது வயசு இல்லைங்க ஐயா, புண்ணு. மருந்து சாப்பிட்டா ரெண்டு மாசத்துல ஆறிடும்."

"ரெண்டு மாசம்" என்று அண்ணன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அண்ணி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் ஆறு மாதம் வரிசையில் வந்து நின்ற கருப்பாயி அக்காவை நினைத்துக்கொண்டேன்.